மூச்சை வீட்டிலேயே அளக்க எதை வாங்கலாம்?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மெடிக்கலில் போய், "ஆஸ்துமாவுக்கு ஊதிப் பார்க்கிற மீட்டர் இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் மூன்று கலர் பந்து போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் அப்பா, நைனா, இரண்டு வாரம் காலையும் மாலையும் அதை இழுத்துப் பார்த்து, "மூணு பந்தும் மேல ஏறிடுச்சும்மா, நெஞ்சு நல்லாத்தான் இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். அடுத்த முறை டாக்டரிடம் காட்டியபோதுதான் அது அளக்கிற கருவியே இல்லை என்று தெரிந்தது.

அந்தப் பந்துப் பெட்டி, ஆபரேஷன் முடிந்தவர்களும் கொரோனாவில் படுத்து எழுந்தவர்களும் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்துப் பழகுவதற்கானது. ஆஸ்துமாவில் சிக்கல் முக்கியமாக மூச்சை வெளியே விடுவதில்தான். மூச்சுக் குழாய்களின் உள்சுவர் வீங்கி, சுற்றியிருக்கும் தசை இறுகி, சளியும் அடைத்துக்கொள்வதால் உள்ளே போன காற்று வேகமாக வெளியே வர முடியாது. அதனால்தான் விடும்போது விசில் சத்தம் கேட்கிறது. எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று பார்த்தால்தான் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியும். பந்தை எவ்வளவு தூக்கினாலும் அது தெரியாது.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஆஸ்துமா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நைனாவுக்கு 67 வயது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று பேருக்கும் ஒரே கருவி போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் மூன்று பேருக்கும் மூன்று விதமாகத்தான் முடிந்தது. இதே முடிவை எடுக்க வேண்டியவர்கள் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். நான் செலவழித்த காசும் பட்ட அவஸ்தையும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து. எந்தக் கருவியும் இல்லாமல் அறிகுறிகளை நோட்டில் எழுதுவது. பீக் ஃப்ளோ மீட்டர். போனோடு சேரும் டிஜிட்டல் ஸ்பைரோமீட்டர். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். அப்புறம், வீட்டில் எதுவும் வேண்டாம், வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆஸ்பத்திரியில் ஊதிக் காட்டினால் போதும் என்று இருப்பது.

ஆக்சிமீட்டரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை நம்பித்தான் நான் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டேன்.

கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் அது இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி, சுவர் ஈரம் ஊறி அறை முழுக்கப் பூஞ்சை வாடை. பத்து மணிக்கே எனக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் விரலில் மாட்டிப் பார்த்து, "97 இருக்கு, பயப்படாதே, தூங்கு" என்றார். எனக்கும் அந்த எண் ஆறுதலாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு 96. இரண்டு மணிக்கு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லை. அப்போதும் கருவி 95 என்றுதான் காட்டியது. ஆட்டோ பிடித்து கேஷுவாலிட்டிக்குப் போனதும் நெபுலைசர் வைத்து, ஸ்டீராய்டு ஊசி போட்டு, விடியும் வரை படுக்க வைத்தார்கள்.

குழாய் சுருங்கும்போது உடம்பு சும்மா இருப்பதில்லை. வேகவேகமாக மூச்சு வாங்கி, கழுத்துத் தசை, விலாத் தசை எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து ரத்தத்தில் ஆக்சிஜனைத் தக்க வைத்துக்கொள்ளப் போராடும். அந்தப் போராட்டம் தோற்க ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலும் எண் விழும். அதாவது ஆஸ்துமாவில் ஆக்சிமீட்டர் கடைசியில் அடிக்கிற மணி. 92க்குக் கீழே போனால் நிலைமை மோசம் என்பது நிச்சயம். 97 இருந்தால் நிலைமை நன்றாக இருக்கிறது என்பது நிச்சயமில்லை. நகப்பூச்சு, சில்லிட்ட விரல் இவையெல்லாம் எண்ணைக் கெடுக்கும். கறுத்த தோலில் உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டவும் வாய்ப்புண்டு. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இருக்கட்டும். ஆஸ்துமாவுக்கென்று புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் காசை வேறு கருவிக்கு வையுங்கள்.

அந்த வேறு கருவி பீக் ஃப்ளோ மீட்டர்.

ஒரு பிளாஸ்டிக் குழாய். பக்கத்தில் எண்கள். நடுவில் நகரும் ஒரு சிவப்பு முள். பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது. விலை சில நூறு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கும். மார்ட்டின் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் 1950களின் கடைசியில் உருவாக்கிய கருவியிலிருந்து வந்தது இது. கைக்கு அடக்கமான குழாய் வடிவம் அதற்கும் பிறகு வந்தது. ஒரே பலமான ஊதலில் காற்று அதிகபட்சம் என்ன வேகத்தில் வெளியே வருகிறது என்பதை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஊதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நைனா முதல் நாள் புல்லாங்குழல் ஊதுவதுபோல நீளமாக ஊதினார். முள் 150ஐத் தாண்டவில்லை. பிறந்தநாள் மெழுகுவர்த்திகளை ஒரே மூச்சில் அணைக்கிற மாதிரி படக்கென்று ஊதச் சொன்னார் டாக்டர். முள்ளை அடியில் கொண்டுவந்து வைக்க வேண்டும். எழுந்து நிற்க வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து, உதடு கொஞ்சமும் இடைவெளி விடாமல் குழாயைக் கவ்வி, தாமதிக்காமல் ஒரே வீச்சில் விட வேண்டும். விரல் முள்ளை மறிக்கக் கூடாது, நாக்கு வாயில் அடைக்கக் கூடாது. மூன்று முறை ஊதி, இருப்பதில் பெரிய எண்ணை மட்டும் எழுத வேண்டும். சராசரி போடக் கூடாது. இருமல் வந்து கெட்டுப்போன ஊதலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயம். டப்பாவோடு ஓர் அட்டவணை வரும். வயசு, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து இவ்வளவு வர வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அந்த அட்டவணைகள் பெரும்பாலும் வேறு நாட்டு மக்களை அளந்து எழுதியவை. அதைப் பார்த்து நைனா பயந்துவிட்டார். "இந்த உயரத்துக்கு இன்னும் எவ்ளோ வரணும்னு போட்டிருக்கு, எனக்கு பாதி நெஞ்சுதான் இருக்கா?" என்று கேட்டார். அட்டவணையை மடித்து டப்பாவிலேயே வைத்துவிட்டோம். நமக்கு வேண்டியது நம்முடைய சொந்த உச்சம். மருந்தெல்லாம் ஒழுங்காக எடுத்து, உடம்பு நன்றாக இருக்கிற இரண்டு மூன்று வாரம் காலையும் மாலையும் ஊதிப் பார்த்தால் அதில் கிடைக்கிற பெரிய எண்தான் அது. நைனாவுக்கு 360 வந்தது.

அதிலிருந்து மூன்று கோடு போட்டுக் கொடுத்தார் டாக்டர். உச்சத்தில் 80 சதவீதம், அதாவது 288க்கு மேல் இருந்தால் பச்சை, வழக்கமான மருந்து. 288க்கும் 180க்கும் நடுவில் மஞ்சள், அப்போது எந்த இன்ஹேலரை எவ்வளவு கூட்ட வேண்டும், எத்தனை நாளில் தன்னைப் பார்க்க வர வேண்டும் என்று கைப்பட எழுதினார். 180க்குக் கீழே, பாதிக்கும் கீழே போனால் சிவப்பு. திணறும்போது எடுக்கிற நிவாரண இன்ஹேலரை, அதோடு மாட்டும் ஸ்பேசர் என்ற பெரிய குழலோடு எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், 108ஐக் கூப்பிட யோசிக்கக் கூடாது. அந்தத் தாள் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. இந்தத் தாள் இல்லாமல் மீட்டர் மட்டும் வாங்குவது வீண். எண் 250 என்று காட்டினால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவருக்கு அந்த எண் பயத்தை மட்டும்தான் கொடுக்கும்.

நைனாவுக்கு ஏன் இந்தக் கருவி கட்டாயம் என்று டாக்டர் சொன்னார் தெரியுமா? அவருக்குத் தன் மூச்சு இறங்குவது தெரியாது. வருடக்கணக்காகத் திணறலோடேயே மூட்டை இறக்கிப் பழகிய உடம்பு. குழாய் கால்வாசி அடைத்தாலும் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் தெரிய வரும்போது ராத்திரி இரண்டு மணியாகியிருக்கும்.

ஒரு பொங்கல் சமயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போகிக்கு முந்தின நாள் காலை நோட்டில் 330. போகி அன்று விடியற்காலையில் தெருவெல்லாம் புகை. பழைய பாயும் துணியும் மட்டும் எரிந்தால் பரவாயில்லை, டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்தன. பனியில் புகை மேலே போகாமல் மாடி உயரத்திலேயே நின்றது. அன்று மாலை 310. மறுநாள் காலை 280. அதற்கு மறுநாள் 260. இந்த மூன்று நாளும் அவர் டீக்கடைக்கு நடந்து போய் வந்துகொண்டுதான் இருந்தார். விசில் சத்தமும் இல்லை. 280 வந்த காலையிலேயே தாளைப் பார்த்து மஞ்சளுக்கு எழுதியதை ஆரம்பித்துவிட்டோம். டாக்டருக்குப் போன் செய்தோம். ஐந்து நாளில் மறுபடியும் 320. அதற்கு முந்தின வருடப் பொங்கலை நாங்கள் கேஷுவாலிட்டி வராண்டாவில் கழித்தோம். அந்த வருடம் எங்களிடம் இருந்தது பந்துப் பெட்டிதான்.

காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசமும் பேசும். ஆஸ்துமாக்காரர்களுக்கு விடியற்காலையில் குழாய் சுருங்கும். நிவாரண இன்ஹேலர் எடுப்பதற்கு முன்னால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. காலை 310, மாலை 370 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 60, நடு எண் 340. கிட்டத்தட்ட 18 சதவீத ஆட்டம். ஒன்றிரண்டு வாரம் இப்படிக் கணக்குப் போட்டால் பெரியவர்களுக்குச் சராசரி 10 சதவீதத்துக்கு மேலும், குழந்தைகளுக்கு 13க்கு மேலும் ஆடினால் அது அதிகம் என்பது மருத்துவர்களின் கணக்கு. எண் நன்றாகவே இருந்தாலும் இந்த ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் தினமும் எடுக்கிற தடுப்பு மருந்து போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். உள்ளே போகும் விதம் சரியில்லை என்றும் இருக்கலாம். நைனா இன்ஹேலரை அழுத்திவிட்டு அப்புறம்தான் மூச்சை இழுப்பார், பாதி மருந்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நோட்டில் இருந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் டாக்டர் "எப்படி எடுக்கறீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்டார். ஸ்பேசர் வாங்கிய பிறகு ஆட்டம் பாதியாகிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஊதுகிறவர் முழு பலத்தோடு ஊதினால்தான் எண் உண்மை. சோம்பலாக ஊதினால் நோயில்லாமலேயே மஞ்சள் காட்டும். பெரிய குழாய்களின் நிலையை அது நன்றாகச் சொல்லும், நுனியில் இருக்கும் சின்னக் குழாய்களைப் பற்றி அவ்வளவாகச் சொல்லாது. ஒரு மீட்டரும் இன்னொரு மீட்டரும் ஒத்துப்போகாது. பழைய ரைட் அளவுகோல், ஐரோப்பிய அளவுகோல் என்று இரண்டு உண்டு. ஒரே ஆள் ஒரே மாதிரி ஊதினாலும் இரண்டிலும் எண் வேறு வேறாக வரும். அதனால் மீட்டர் மாற்றினால் உச்சத்தையும் புதிதாகத்தான் பார்க்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது உங்கள் மீட்டரையே எடுத்துப் போங்கள்.

இன்னொரு பயன் இருக்கிறது, வடசென்னையில் இதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தெருவில் டிங்கரிங் ஷெட்டில் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் தம்பி ஒருவருக்கு ஒரு வருடமாக இருமல். "சளிதான்" என்று மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய டாக்டர் மூன்று வாரம், வேலை நாளும் லீவு நாளும் சேர்த்து, ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதி எழுதச் சொன்னார். ஞாயிறு மாலை 480. திங்கள் வேலை முடிந்து 430. புதன் 390. அடுத்த ஞாயிறு திரும்பவும் 470. மூன்று வாரமும் அதே ஏற்ற இறக்கம். நோட்டைப் புரட்டினால் படிக்காதவருக்கும் புரியும், ஷெட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் அவர் மூச்சைப் பிடிக்கிறது. கார் பெயின்ட்டின் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம், மாவு மில்லின் தூசி, மரத்தூள், வெல்டிங் புகை இவையெல்லாம் வேலையிடத்து ஆஸ்துமாவுக்குப் பெயர் போனவை. டாக்டர் அறையில் ஒருநாள் ஊதிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. கூடவே இருந்து நாள் முழுக்க அளக்கிற ஒன்றால்தான் பிடிக்க முடியும். ஒரு பிளாஸ்டிக் குழாய் ஒரு தொழிலாளிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

டிஜிட்டல் ஸ்பைரோமீட்டருக்கு வருவோம். பெரம்பூரில் இருக்கும் என் சித்தி மகனிடம் ஒன்று இருக்கிறது. கையடக்கமான கருவி, உள்ளே சின்னக் காற்றாடி. ஊதினால் போனில் கோடு வரைந்து காட்டும். வேகத்தோடு, முதல் ஒரு நொடியில் எத்தனை லிட்டர் வெளியே வந்தது என்றும் சொல்லும். எஃப்.இ.வி. 1 என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்களே, அதுதான். குழாய் அடைப்பை பீக் ஃப்ளோவைவிட இது நம்பகமாகக் காட்டும். வெறும் ஊதலின் உச்சத்தை மட்டும் பார்க்காமல் காற்று எப்படி வெளியேறுகிறது என்பதையும் பார்க்கிறது. அவனுக்குக் கடுமையான ஆஸ்துமா, ஊசி மருந்து எடுத்துக்கொள்கிறான், அவன் டாக்டர் எண்களைப் போனிலேயே வாங்கிப் பார்த்து மருந்தை மாற்றுகிறார். அவனுக்கு அது சரி.

நைனாவை அதில் ஊத வைத்துப் பார்த்தோம். மொத்தக் கொள்ளளவையும் பார்க்க வேண்டுமென்றால் ஆறு நொடி போல விடாமல் கடைசிச் சொட்டுவரை ஊத வேண்டும். மூன்றாவது நொடியில் இருமல் வந்துவிட்டது. இரண்டாவது தடவை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்திக்கொண்டே இருப்பார், சரியில்லாத ஊதலைத் தள்ளிவிட்டுத் திரும்ப ஊதச் சொல்வார். வீட்டில் அந்தக் குரல் இல்லை. விலையும் ஆயிரக்கணக்கில், மாடலைப் பொறுத்து இன்னும் மேலே போகும். வாயில் வைக்கும் பாகத்தைத் தனியாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் கருத்து இதுதான்: அந்த எண்களைப் பார்த்து நடவடிக்கை எடுக்க டாக்டர் ஒருவர் மறுமுனையில் இருந்தால் வாங்குங்கள். வெறும் ஆர்வத்துக்கு வாங்கினால் மூன்றாவது மாதம் அலமாரியில் ஏறிவிடும். போன் மைக்கில் ஊதினால் நுரையீரலை அளக்கிறேன் என்று சொல்லும் ஆப்களைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். சமீபத்தில் கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும், ஹார்ட் அட்டாக் வந்து சில வாரமே ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கருவிகள் எதிலும் பலமாக ஊதக் கூடாது.

மகள் கதைக்கு வருகிறேன். பீக் ஃப்ளோ மீட்டர் ஐந்தாறு வயதிலிருந்து பயன்படுத்தலாம் என்பார்கள். குழந்தைகளுக்குச் சிறிய அளவுகோல் உள்ள மீட்டரே உண்டு, அதை வாங்கினேன். முதல் வாரம் 190, 200 என்று ஒழுங்காகப் போனது. பிறகு ஒருநாள் 270. அடுத்த நாள் 180. அப்புறம் 290. பார்த்தால், தாத்தாவை ஜெயிக்க வேண்டும் என்று, எச்சில் துப்புவதுபோல நாக்கை மடக்கிப் பட்டென்று விடுகிறாள். அப்படிச் செய்தால் முள் எகிறும். எத்தனை சொல்லியும் அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. பொய் எண்ணை வைத்து மருந்தைக் குறைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

டாக்டரிடம் சொன்னேன். "அவளுக்கு மீட்டர் வேண்டாம், நோட்டு போதும்" என்றார். அறிகுறிகளைப் பார்த்து நடக்கும் திட்டமும் எண்ணைப் பார்த்து நடக்கும் திட்டமும் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று விளக்கினார். கருவி இல்லாதவர்கள் ஏதோ இரண்டாம் தர சிகிச்சை எடுப்பதாக நினைக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. போன நான்கு வாரத்தில், வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் பகலில் இருமலோ இரைப்போ வந்ததா? ராத்திரி அதனால் விழிப்பு வந்ததா? நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? ஓடுவதோ விளையாடுவதோ குறைந்ததா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் பாதி. மூன்று நான்கு என்றால் கட்டுப்பாட்டில் இல்லை.

நான் அவளுடைய நோட்டில் கூடுதலாக ஒன்று எழுதுகிறேன். மாலையில் மாடியில் ஓடிப்பிடித்து விளையாடும்போது பாதியில் வந்து உட்கார்ந்தாளா, இல்லையா. குழந்தைகள் மூச்சு முட்டுகிறது என்று சொல்ல மாட்டார்கள். "போரடிக்குது" என்பார்கள். அந்தச் சொல் இரண்டு நாள் அடுத்தடுத்து வந்தால் நான் நெஞ்சில் காதை வைத்துப் பார்க்கிறேன். விலாவுக்கு நடுவே குழி விழுகிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

எனக்கு இரண்டும் கலந்து. இழுப்பு வருவது எனக்கு முன்கூட்டியே தெரியும், தொண்டைக்குக் கீழே ஓர் அரிப்பு, முதுகில் ஒரு இறுக்கம். அதனால் தினமும் ஊதுவதில்லை. ஜலதோஷம் பிடித்தால், மழைக்காலத்தில் சுவர் ஊறினால், தீபாவளியிலிருந்து பொங்கல் வரைக்கும், மருந்து மாற்றிய முதல் மாதம், அப்போதெல்லாம் காலை மாலை ஊதுகிறேன். அந்த ஐப்பசி ராத்திரி என்னிடம் மீட்டர் இருந்திருந்தால் பத்து மணிக்கே போயிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஊதிக் காட்டுகிற ஸ்பைரோமெட்ரி சோதனையை இவற்றில் எதுவும் ஈடு செய்யாது. ஆஸ்துமாதானா என்று முதலில் முடிவு செய்வதற்கு அது வேண்டும். ஊத வைத்து, மருந்து கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊத வைப்பார்கள். முதல் நொடிக் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், மருந்துக்குக் குழாய் திறக்கிறது என்று பொருள். பீடி சிகரெட் பிடித்த பெரியவர்களுக்கு ஆஸ்துமாவா, மூச்சுக் குழாய் நாள்பட அடைத்துப்போகும் சி.ஓ.பி.டி.யா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரித்துப் பார்க்கவும் இதுதான் வழி. ஸ்டான்லி மாதிரி பெரிய அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் செய்துகொள்ளலாம். ஓ.பி. வரிசையில் அரை நாள் போகும், போகட்டும். ஆனால் அது அந்த ஒரு நாளின் படம் மட்டும்தான். போகி அன்று உங்கள் மூச்சு எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியாது.

நம் பகுதியில் இருப்பவர்கள் நோட்டில் இன்னொரு கட்டம் சேர்த்துக்கொள்வது நல்லது: அன்றைய காற்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் அளவு தெரியும். பி.எம். 2.5 என்கிற நுண்தூசிக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். நான் எண்ணோடு வாடையையும் எழுதுகிறேன். மணலி பக்கமிருந்து கேஸ் வாடை, குப்பைக் கிடங்குப் புகை, பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்த நெடி, எங்கள் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணி. ஆறு மாதம் எழுதிப் பார்த்ததில் நைனாவுக்குக் கன்டெய்னர் லாரிப் புகையைவிடக் கொசுவர்த்திச் சுருள்தான் அதிகம் இறக்குகிறது என்று தெரிந்தது. லாரியை என்னால் நிறுத்த முடியாது. சுருளை அன்றே நிறுத்திக் கொசுவலை கட்டினோம். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்த மாதிரி ஒன்று நடந்தால் மீட்டரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு வெளியேறுவதுதான் முதல் வேலை.

யாருக்கு எது என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எப்போதும் சொல்கிறவர், ஒருமுறையாவது ராத்திரியில் கேஷுவாலிட்டிக்குப் போனவர், வேலையிடத்தில் புகையோ தூசியோ இருக்கிறவர், இவர்கள் மூன்று பேரும் பீக் ஃப்ளோ மீட்டரை இந்த வாரமே வாங்க வேண்டும். தன் மூச்சைத் தானே நன்றாக உணர்கிறவருக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நோட்டும் டாக்டர் எழுதிய தாளும் போதும். டிஜிட்டல், டாக்டர் கேட்டால் மட்டும். இதில் எதை எடுத்தாலும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தினால் அளந்து பயனில்லை. நோட்டில் நாங்கள் ஊதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே அன்று தடுப்பு இன்ஹேலர் எடுத்ததற்கு ஒரு டிக் போடுகிறோம். டிக் இல்லாத நாட்களும் எண் இறங்கிய நாட்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நைனாவே விரல் வைத்துக் காட்டினார்.

கடையில் கேட்கும்போது "பீக் ஃப்ளோ மீட்டர்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள், பந்து இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பெரியவர்களுக்கா குழந்தைக்கா என்று சொல்லுங்கள். முள் தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆளுக்கு ஒரு மீட்டர், பங்கு போடக் கூடாது. வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, நன்றாகக் காய்ந்த பிறகு எடுத்து வையுங்கள், ஈரம் இருந்தால் முள் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளரும், ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். வாங்கிய தேதியை நான் மார்க்கரால் அதன் அடியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.